வைக்கோல் போருக்கு வந்த குதிரை

தீர்ப்புச் சொல்ல உங்களை நான் அழைக்கவில்லை. நடுவரின் முகம் பார்த்துப் பேசிப் பழகியவன் நான்; ஆயினும் இந்த ஒன்றை மட்டும் எந்த நடுவர் முன்னும் இதுவரை வைத்ததில்லை. வாசிக்கின்ற நீங்கள் சாட்சியாக வந்து நின்றால் எனக்குப் போதும். மரக்காணத்து உப்பளச் சாலையில், எங்கள் வீட்டுக்குப் பின்புறம், ஒரு புரட்டாசி மாதத்து விடியலில் வந்து நில்லுங்கள். ஒரு பக்கம், தென்னங்கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள் லாரிக்காகக் காத்திருக்கின்றன. இன்னொரு பக்கம், பருவம் முடிந்த பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறிச்சோடிக் கிடக்கின்றன. நடுவே, எங்கள் ஒற்றைப் பசுவுக்காக அப்பா அடுக்கி வைத்த வைக்கோல் போர். அந்தப் போருக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கிறது. பசுவோ முன்வாசலில் நிற்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பல் துலக்கியபடி அந்தப் பக்கம் போனவன் வாயில் நுரையோடு நின்றேன். போருக்கு மேலாக ஒரு நீண்ட முகம் எழுந்தது. அப்பாவின் தலைக்கும் மேலான உயரத்திலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. கோயில் வாசலில் மண்குதிரை பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். மூச்சு விடுகிற குதிரையை, அதுவும் எங்கள் வீட்டு வைக்கோலை எங்களைக் கேட்காமல் மெல்லுகிற குதிரையை, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் போட்ட கூச்சலில் அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார்.

சாம்பல் பூத்த வெள்ளைக் குதிரை. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. வாலின் நுனியில் மருதாணிச் சிவப்பு மிச்சமிருந்தது. பிடரி மயிரில் ஒரு சரிகை இழை சிக்கியிருந்தது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்த குதிரை என்று பார்த்தவுடனே தெரிந்தது. தானாக வழிதவறி வந்ததாகவும் சொல்வதற்கில்லை. யாரோ புதுக் கயிறு வாங்கி, இறுக்கமாக முடிச்சுப் போட்டு, எங்கள் பசுவின் முளையிலேயே அதைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அம்மா கிட்டே வரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, "யாரோ வேணும்னே கட்டிட்டுப் போயிருக்காங்க. ஏவி கீவி உட்டிருப்பாங்களோ?" என்றாள். ஏவல், செய்வினை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவின் குரலில் இருந்த பயம் மட்டும் தெரிந்தது.

சற்று நேரத்தில் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, தன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். துக்க வீட்டிலும் இரண்டு பேரையாவது சிரிக்க வைக்காமல் திரும்பாதவர் அவர். அப்பாவைப் பார்த்ததும் இடுப்பு வளைந்து ஒரு கும்பிடு போட்டார்.

"ராஜாவுக்கு வணக்கம். பட்டாபிசேகம் எப்ப மச்சான்?"

"ஏன்டா, நானே என்னா பண்றதுன்னு தெரியாம நிக்கறேன்."

"தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கட்டி வச்சிருந்தா திருடிட்டான்னு சொல்லுவான். அவுத்து உட்டு ரோட்டுல பஸ்ல அடிபட்டுச்சுன்னா கொன்னுட்டான்னு சொல்லுவான். இங்கியே செத்துச்சுன்னா பட்டினி போட்டுட்டான்னு சொல்லுவான். எப்பிடிப் பாத்தாலும் உள்ள போறது நீதான். கவலப்படாத, வாரா வாரம் பிஸ்கெட் வாங்கியாறேன்."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடும் புத்தி அந்த வயதிலேயே எனக்கு உண்டு. மாமாவின் வாதத்தில் ஓட்டையே இல்லை. கட்டினாலும் சிறை, அவிழ்த்தாலும் சிறை. அன்றுமுதல் சாலையில் எந்த ஜீப்பின் சத்தம் கேட்டாலும், அப்பா கண்ணுக்குத் தெரிகிறாரா என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அப்பா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். கைப்பேசியில் குதிரையைப் படம் எடுத்து, மாமா இருந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போடச் சொன்னார். கூனிமேட்டிலிருந்து ஒருவர் விலை கேட்டார். அனுமந்தையிலிருந்து இன்னொருவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்கு வருமா என்று கேட்டார். என்னுடையது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்பா காவல் நிலையம் போய்த் தகவல் சொல்லிவிட்டு வந்தார். யாராவது கேட்டு வந்தால் அடையாளம் விசாரித்துக் கொடுக்க வேண்டும், அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்களாம். 'பத்திரமாக' என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். வயதான குதிரை, வைக்கோல் போதாது, புல்லும் வேண்டும், எதில் குறைந்தாலும் நல்ல தண்ணீரில் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல தண்ணீருக்கு உப்பளத்துக்காரர்கள் எங்கே போவது? எங்கள் வீட்டுக் கைப்பம்பு கொடுப்பது பாத்திரம் கழுவக்கூட யோசிக்க வேண்டிய நீர். குடிக்கிற தண்ணீரை அம்மா சாலையோரத்துப் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவாள். அதைக் குதிரை ஒரே இழுப்பில் வாளியின் அடி தெரியக் குடித்துவிடும். "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம்கூட இவ்ளோ குடிக்கல," என்பாள் அம்மா; சொல்லிக்கொண்டே அடுத்த குடத்தையும் சாய்ப்பாள். அப்பாவுக்கு வேறொரு பயம். மாதக்கணக்கில் காலால் மிதித்து மிதித்துப் பதமாக்கிய பாத்தித் தரையில் அது இறங்கினால், குளம்பு பட்ட இடமெல்லாம் சேறு கிளம்பிவிடும். அதனால் முளையை இன்னும் ஆழமாக அடித்தார்.

பள்ளி விட்டு வந்ததும் அதற்குத் தண்ணீர் காட்டுவது என் வேலையாயிற்று. எனக்கு அதனிடம் பயம். அதன் பல்லிடம் பயம், குளம்பிடம் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் போகும்போது அது செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்ற பயம். வாளியோடு தயங்கி நின்ற என்னை முதல்நாளே ஒருவர் கவனித்தார். பக்கத்துக் களத்தில் உப்பு மூட்டைக்கு வாய் தைக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த அண்ணன். ஒல்லியான ஆள், தலையில் துண்டு, யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, அந்தப் பக்கமா போவாத. சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு அதுக்குத் தெரியாது, மெரளும். பீச்சாங்கைப் பக்கமா போ."

சொன்னபடி போனேன். குதிரை மிரளவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதற்கு வேறென்ன நிரூபணம் வேண்டும்? இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற நான், கேட்கவே இல்லை.

அதன்பிறகு அவர் தினமும் என்னிடம் விசாரிப்பார். நானும் வாளியை வைத்துவிட்டு மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அப்பாவிடம் சொல்ல முடியாத பயத்தையெல்லாம் அவரிடம் கோபமாக மாற்றிச் சொல்வேன்.

"இத உட்டுட்டுப் போனவன்லாம் மனுசனாண்ணா?"

"இல்ல தம்பி."

"அவனப் புடிச்சு ஜெயில்ல போடணும்ல?"

"போடணும் தம்பி." கோணூசியில் சணல் கோத்துக்கொண்டே நிமிராமல் கேட்பார்: "இன்னிக்கு நல்லா தண்ணி குடிச்சுதா?"

அந்த வாரக் கடைசியில் பஞ்சாயத்துக் குழாய் வறண்டது. மோட்டார் பழுது என்றார்கள். சனிக்கிழமை பகலில், உப்பு ஏற்ற லாரியை உடனே அனுப்பச் சொல்லிக் கேட்க அப்பாவும் மாமாவும் போனார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். குதிரை காலையிலிருந்து தண்ணீர் காணவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நான் போருக்குப் பின்னால் போனேன். முளை இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது.

பாத்திகளின் குறுக்கே குளம்புத் தடங்கள் போயிருந்தன. அவற்றைப் பின்பற்றி ஓடினேன். பாத்திகளுக்கு அப்பால், உப்பங்கழியிலிருந்து வரும் நீரைத் தேக்கி வைக்கிற பெரிய பள்ளம் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஏரிபோல் மின்னும். அதன் ஓரங்களில் வெள்ளையாக உப்பு ஏடு கட்டியிருக்கும். கீழே இடுப்பளவுக்கு மேல் கறுப்புச் சேறு. உப்பளத்துப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே அங்கே போகக் கூடாது என்று கற்றுவிடுவோம். குதிரைக்கு அதை யாரும் சொல்லவில்லை. மின்னியதைத் தண்ணீர் என்று நம்பியிருக்கிறது.

வயிறுவரை புதைந்திருந்தது. என் வாழ்நாளில் அத்தகைய ஓசையை நான் கேட்டதில்லை. கனைப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். வரப்பில் மண்டியிட்டு, மிதந்துகொண்டிருந்த கயிற்றின் முனையைப் பிடித்தேன். பிடித்ததும் அது திமிறியது. திமிறிய அளவு இறங்கியது. உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் என்று ஆசிரியர்கள் பாராட்டிய குரல், ஒரு காற்றாகக்கூட வெளியே வரவில்லை. மாமா சொன்னது கண்முன் வந்தது. இது சாகப்போகிறது, எங்கள் இடத்தில் சாகப்போகிறது, அப்பாவைக் கொண்டுபோகப் போகிறார்கள்.

அப்போதுதான் உறைத்தது, நான் அதன் குருட்டுக் கண்ணின் பக்கம் நிற்கிறேன் என்று. யார் இழுக்கிறார்கள் என்று தெரியாமல் அது மேலும் பயப்படுகிறது. கயிற்றை விட்டுவிட்டு வரப்பைச் சுற்றி மறுபக்கம் ஓடினேன். அதன் இடக்கண் என்னைக் கண்டது. திமிறல் அடங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது.

மூட்டைக் குவியலின் உச்சியிலிருந்து அந்த அண்ணன் பார்த்துவிட்டார். வரப்புக்கு வரப்பு தாவி வந்தவர், ஒரு கணமும் நிற்காமல் சேற்றில் குதித்தார். மார்பளவு புதைந்து, அதன் கழுத்துக்குக் கீழே தோளைக் கொடுத்து, "ராஜாத்தி! ராஜாத்தி, நான்தான்டி. அசையாத, நான்தான்," என்றார். குதிரையின் காதுகள் இரண்டும் அவர் பக்கம் திரும்பின.

அவருக்குப் பின்னால் மூட்டைக்காரர்கள் கயிறுகளோடு ஓடிவந்தார்கள். லாரி கிடைக்காமல் திரும்பிய அப்பாவும் மாமாவும் கூச்சல் கேட்டு வந்து சேர்ந்தார்கள். அப்பா சேற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் உப்புக் குவியலைப் பார்த்தார்.

"மச்சான், மழ வருது. கீத்தப் பிரிச்சா உப்பு அவ்ளோதான்," என்றார் மாமா. அவர் விளையாடாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பிரிடா," என்றார் அப்பா.

குவியலைப் போர்த்தியிருந்த கீற்றுகளை உருவி உருவிச் சேற்றின்மேல் அடுக்கினார்கள். அதன்மேல் நின்று, சாக்குகளைப் பிணைத்துக் குதிரையின் வயிற்றுக்கடியில் செலுத்தி, எல்லாருமாக இழுத்தார்கள். ஒருமுறை அதன் மூக்கு சேற்றுக்குள் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது கீற்றின்மேல் முன்னங்கால்களை ஊன்றியிருந்தது. இன்னொரு இழுப்பில் வரப்புக்கு வந்தது. நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினார். துண்டால் அதன் குருட்டுக் கண்ணை மெல்லத் துடைத்தார்.

மாமா அவரை உற்றுப் பார்த்தார். "ஏம்பா, நீதான அன்னிக்கு..."

"மாப்ள, கீத்த எடுத்து உப்பு மேல போடு. கரையுது பாரு," என்று அப்பா குறுக்கே வெட்டினார். பிறகு அந்த அண்ணனிடம் திரும்பி, "யாரு குதிரையோ, எனக்குத் தெரியாது. நீ சொன்னா கேக்குது. வைக்கல் இங்க கெடக்குது, இங்கியே கட்டிப் பாத்துக்க. தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணு," என்றார். அந்த அண்ணன் கும்பிட்டார்.

அங்கு நின்ற எல்லாருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது, அது அவருடைய குதிரை என்று. ஒரு கண் போனபின், கூட்டத்தைக் கண்டு மிரளும் குதிரையை எந்தக் கல்யாண வீட்டாரும் அழைக்கவில்லை. விற்றால் அது எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். உப்பளச் சாலையில் வைக்கோல் போர் தெரிந்த ஒரே வீடு எங்களுடையது. கட்டிவிட்டுப் போனவருக்கு, போக மனம் வரவில்லை. பக்கத்துக் களத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கேள்வி கேட்டால் அவமானத்தில் ஓடிவிடுவார் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த மழையில் எவ்வளவு உப்புக் கரைந்தது என்று அப்பா இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

இதெல்லாம் வளர்ந்தபின் எனக்குப் புரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குதிரையைக் கைவிட்டவன் இன்னும் எங்கோ திரிகிறான், அவன் அகப்படாதவரை அப்பாவுக்கு ஆபத்து நீங்கவில்லை. பயத்தில் தொலைந்திருந்த குரல் திடீரென்று எனக்குத் திரும்பி வந்தது. நனைந்த கீற்றுக் குவியலின்மேல் ஏறி நின்றேன். மாமா, "டேய், எறங்குடா, எறங்கு!" என்று பதறினார். நான் இறங்கவில்லை. சேறு வழிந்த அந்த அண்ணனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, மேடைத் தமிழில், மழையையும் மீறிக் கேட்கும்படி முழங்கினேன்:

"பெரியோர்களே! இந்த வாயில்லாப் பிராணியை அநாதையாக விட்டுச் சென்ற கொடியவன் எங்கே ஒளிந்திருந்தாலும் நான் விடமாட்டேன். அவனைத் தேடிப் பிடித்து, இதே இடத்துக்கு இழுத்து வந்து, இதோ நிற்கிறாரே, இந்த அண்ணன், இவர் காலில் விழவைப்பேன். இது சத்தியம்!"