படுக்கையில் பொங்கிய மாவு

இந்த ஊரில் சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் ‘மெசேஜஸ்’ வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டுக்காரி மிஸஸ் கெர் ஒருநாள் காலை தலையில் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, ‘மெசேஜஸ்’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மிஷன் போர்டிங்கில் நான் படித்த ஆங்கிலத்தில் அதற்குச் செய்தி என்று பொருள். தபாலாபீசுக்குத்தான் போகிறார், ஊரிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று ஜன்னலோரம் காத்திருந்தேன். கூடை நிறைய உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வந்தன. “எனக்கு மெசேஜ் இல்லையா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பெண்ணுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கையில் தந்தார். அழுகையை விழுங்கிக்கொண்டு அதைத் தின்றேன்.

எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கம். இவர், என் கணவர், ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். மேல்படிப்புக்காக எடின்பரோவுக்கு வந்தார். கல்யாணமான புதிது என்பதால் நானும் கூட வந்தேன். மிஸஸ் கெர் வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. இவர் விடியுமுன் போனால் இருட்டியபின் வருவார். இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டு. நம் ஊரில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் காதை மூடிக்கொள்வோம், வெயில் ஏறினால் மறந்துவிடுவோம். இங்கே ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலும் பனி உறைந்து கிடக்கும். குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கென்று ஓர் அடுக்களை இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. தன் அடுக்களைக்கு வராதே என்று மிஸஸ் கெர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் போய் நின்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைப்பார்; கரண்டியைத் தொட்டால் மெல்ல வாங்கி வைத்துவிடுவார். அவருக்கு அது உபசாரம். கிறிஸ்மஸுக்கு முன்பே நான் இவரிடம், “என்னைக் கப்பல் ஏத்தி அனுப்பிருங்க” என்று சொல்லிவிட்டேன். வசந்தகாலம் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

புது வருஷத்துக்கு முந்தின நாள் பெரும்பனி. தெரு முழுக்க வெள்ளை. கரி வண்டி வரவில்லை. வீட்டில் இருந்த கொஞ்சம் கரியை ரொட்டி சுட வேண்டும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அடுப்பை மூட்டாமலே மிஸஸ் கெர் மாவை எடுத்து வைத்தார். வாசற்படியில் பனி உருக உப்பு தூவப் போனவர் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக இவர் வீட்டில் இருந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. மட்டை வைத்துக் கட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கட்டி முடித்தபின் மேஜைமேலிருந்த மாவைப் பார்த்து அழுதார்.

இவர் மெதுவாக விசாரித்து எனக்குச் சொன்னார். மிஸஸ் கெருக்கு ஜீன் என்று ஒரே மகள். கத்தோலிக்கப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கிளாஸ்கோ போய்விட்டாள். அப்பா, இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். போன வருஷம் அவர் இறந்துபோனார். நாளைக்குத்தான் ஜீன் முதல்தடவையாக, தன் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். உலர்ந்த திராட்சை போட்ட இந்த ரொட்டி என்றால் சிறுவயதில் அவளுக்கு உயிர். நம் பக்கத்தில் இது புரியாத கதையா? கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலுக்கும் நம் புராட்டஸ்டண்ட் சபைக்கும் இடையில் இப்படி எத்தனை கதவுகள் சாத்திக் கிடக்கின்றன.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்குப் போனேன். இந்தத் தடவை மிஸஸ் கெர் நாற்காலி போடவில்லை. இவர் ஆஸ்பத்திரிக்குப் போனபின் நாங்கள் இருவரும்தான். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. நல்ல கையால் காற்றில் பிசைந்து காட்டினார், நான் மாவில் பிசைந்தேன். ஈஸ்டும் திராட்சையும் சேர்த்துப் பிசைந்து மூடிவைத்தோம். வெகுநேரம் கழித்துத் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடியே இருந்தது. அவர் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சு” என்றார். யாரோ இறந்த செய்தி வந்துவிட்டது என்று நான் திடுக்கிட்டேன்.

மாவு என்று புரிந்ததும் எனக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். வட்டயப்பத்துக்கு மாவு பொங்க வேண்டும் என்றால் ஒரு சிரட்டை கள் வேண்டும். எங்கள் சபையிலோ கள்ளின் பேரைக்கூட எடுக்கக்கூடாது. அம்மா ரகசியமாக வாங்கிவைத்துக்கொண்டு, “உபதேசியாருட்ட சொல்லிராத மக்கா, இது மாவுக்குத்தான்” என்பாள். அடைமழை நாளில் கள் ஊற்றியும் மாவு பொங்காவிட்டால் பானையை வைக்கோலுக்குள் புதைத்துவிடுவாள். “அதுக்குக் குளிருகு, வேற ஒண்ணுமில்ல” என்பாள்.

இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? எங்கள் கட்டில் இருந்தது. இந்த நாட்டில் மண்ஜாடியில் வெந்நீர் ஊற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்த ஜாடிக்குப் பெயர் ‘பிக்’. இங்கே வந்த அன்று இரவு மிஸஸ் கெர், “உன் படுக்கையில் பிக்கை வைக்கட்டுமா?” என்று கேட்டபோது பன்றியைச் சொல்கிறார் என்று நான் கதவைத் தாழிட்டவள். இப்போது நானே, “பிக், பிக்” என்று கேட்டேன். தேநீர் போடும் சின்னக் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து ஜாடியை நிரப்பினோம். மாவுச் சட்டியைக் கட்டிலில் வைத்து, பக்கத்தில் ஜாடியைப் படுக்கப்போட்டு, இருந்த கம்பளியையெல்லாம் போட்டு மூடினேன். தலைமாட்டில் தலையணையையும் சரிசெய்வதைப் பார்த்து மிஸஸ் கெர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இவர் திரும்பிவந்து அறையில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏட்டி, நம்ம கட்டில்ல யாரு கெடக்கா?”

“மெதுவா பேசுங்க. மாவு பொங்கிட்டு கெடக்கு.”

“அப்போ நான் எங்க கெடக்கது?”

மாவு பொங்கியது. சட்டியின் விளிம்பைத் தாண்டிக் கம்பளியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரியை மூட்டிச் சுட்டோம். வீடு முழுக்க அந்த வாசனை பரவியபோது, வந்தநாள் முதல் விறைத்திருந்த என் தோள்கள் தளர்ந்ததை உணர்ந்தேன். ஒரு பக்கம் மட்டும் கருகிவிட்டது.

மறுநாள் ஜீன் வந்தாள். வாசலிலேயே நின்றாள். தாய்க்கு அணைக்கக் கையில்லை. மகளுக்கு உள்ளே வரக் கால் எழவில்லை. குழந்தை எல்ஸிதான் இருவருக்கும் இடையில் புகுந்து வாசனை வந்த திசையில் நடந்தாள். பிறகு எல்லோரும் மேஜைக்கு வந்தோம். நான் ரொட்டியை அறுத்து வைத்தேன். ஜீன் ஒரு வாய் தின்றுவிட்டு, “அம்மா, ஒரு பக்கம் கருகியிருக்கு” என்றாள். மிஸஸ் கெர் என்னைக் காட்டி, மாவைப் படுக்கவைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் மகள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தாயின் கட்டுப்போட்ட கைமேல் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் தேநீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இவர் பின்னாலேயே வந்தார். “கப்பலுக்கு எழுதட்டா?” என்று கேட்டார்.

“இவங்க கை எலும்பு கூடாண்டாமா? அதுவரைக்கும் ரொட்டிக்கு மாவு யாரு பிசைவா?” என்றேன்.

எல்ஸி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள். “நீ எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?” என்று கேட்டாள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறாள் என நினைத்து மாடியைக் காட்டினேன். இங்கே அந்தச் சொல்லுக்கு உன் வீடு எது என்று அர்த்தமாம். இவர் பிறகு சொன்னார். திருத்திச் சொல்லட்டுமா என்றார். இப்போ அது அப்படியே கெடக்கட்டு என்றேன்.

அவளுக்கு என் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். மாடிக்குக் கூட்டிப்போனேன். அலமாரிமேல் அம்மா தந்தனுப்பிய பனையோலைக் கொட்டான் இருந்தது. சுக்கும் மிளகும் தீர்ந்து வெறுமனே கிடந்தது. எல்ஸி அதைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், மறுபடியும் முகர்ந்தாள். பிறகு கையிலிருந்த ரொட்டித் துண்டை, மிச்சம் நாளைக்கு என்பதுபோல, அதற்குள் வைத்து மூடியை அழுத்திவிட்டுக் கீழே ஓடினாள்.