கரிக்கோடு போட்ட முட்டைகள்

வடிவு வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழியில் ஐந்து முட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கரிக்கோடு. சாணிக்கூடையோடு போன சண்முகசுந்தரி அப்படியே நின்றுவிட்டாள். அவை அவள் தன் கையாலேயே போட்ட கோடுகள்.

முந்தின நாள்தான் வடிவு வாசலில் வந்து நின்று, "ஏ புள்ள சுந்தரி, ஒன் முட்டை அஞ்சும் பொரிச்சிருச்சு. எனக்குத்தான் கொஞ்சம் கூமுட்டையாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சுந்தரியின் கோழியைக் காட்டுப்பூனை தூக்கிப் போனபின், மிஞ்சின முட்டைகளை வடிவின் அடைக்கோழிக்குக் கீழே வைத்திருந்தார்கள். யாருடையது எது என்று தெரிவதற்காகத்தான் அந்தக் கோடு. இடிக்கு முட்டை கெட்டுவிடக் கூடாதென்று வடிவு கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டும் போட்டு வைத்தாள். ஐப்பசி இடிக்கு அது போதவில்லை போலும். இல்லை, முட்டைகள்தான் நாள்பட்டவையோ என்னவோ.

சுந்தரி எருவைத் தள்ளி முட்டைகளை மூடினாள். வடிவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் சுண்டிப் போகும்.

பாச்சலூரில் வடிவுக்கென்று யாரும் கிடையாது. புருஷன் மரம் அறுக்கப் போன இடத்தில் செத்துப்போனான். பிள்ளையும் இல்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக் கஞ்சி குடித்தாள். மூச்சிரைப்புக்காரி, மேடு ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் கிருத்திகை விரதத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே சேவல், சுந்தரியின் செஞ்சேவல். அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். சுந்தரிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, "இது தங்கினா, மொட்டை எடுக்கிறப்ப இந்தச் சேவலை உசுரோட ஒன் சன்னதியில விட்டுர்றேன் முருகா" என்று நேர்ந்துகொண்டாள். வேலுச்சாமி பிறந்தான், தங்கினான். இப்போது தவழ்கிறான். தைப்பூசத்துக்குப் பழனி போவதாக ஏற்பாடு.

குஞ்சுகள் எல்லாம் தாயோடு வடிவின் வாசலிலேயே வளர்ந்தன. சேவலும் அங்கேயே கதியாய்க் கிடந்தது. சுந்தரியின் புருஷன் பொன்னுச்சாமிக்கு அது பிடிக்கவில்லை.

"மதினி, சேவலைப் பிரிச்சுக் கட்டுங்க. பச்சைக் குஞ்சு, கொத்திப்புடும்."

"ஒங்களை விட அதுக்குப் பொறுப்பு சாஸ்தி கொழுந்தனாரே. குருணையப் போட்டா, தான் திங்காம குஞ்சுகளைக் கூப்புடுது. நீங்க என்னைக்காவது பொண்டாட்டியக் கூப்பிட்டு வச்சுச் சோறு தின்னிருக்கீகளா?"

பொன்னுச்சாமி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

மார்கழியில் ஒருநாள் காலை, எதிர்வீடு தெரியாத மூடுபனியில் கீரி வந்தது. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திறந்திருந்த பஞ்சாரக் கூடைக்குள் புகுந்துகொண்டது. சேவல் மட்டும் வெளியே நின்று மல்லுக்கட்டியது. சத்தம் கேட்டு வடிவு ஓடி வருவதற்குள் கீரி போய்விட்டது. குஞ்சுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. சேவல் கழுத்து கிழிந்து கிடந்தது.

அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வடிவு சுந்தரியின் வாசலுக்கு வந்தாள்.

"கொழுந்தனார் சொன்னாக. நான்தான் கேக்கலை. கட்டிப் போட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

சாமிக்கு நேர்ந்தது என்று கறியாக்காமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்று சாயங்காலம் வேலுச்சாமிக்கு உடம்பு அனலாய்ச் சுட்டது. சுந்தரி திருநீற்றை அள்ளிப் பூசிவிட்டு, பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குக் கெடந்து அழுற? ஒட்டன்சத்திரம் சந்தையில இதே மாதிரி ஒண்ணு வாங்கி, மஞ்சத் துணியக் கட்டிட்டாச் சோலி முடிஞ்சது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் பொன்னுச்சாமி.

"முருகனை ஏமாத்தவா மலை எறங்கிப் போறீக?" என்றாள் வடிவு. எழுந்து போய், சுந்தரிக்கென்று சொன்ன ஐந்து குஞ்சுகளில் சிவப்பாய் இருந்த சேவல் குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்தாள். "இது அந்தச் சேவலோட பிள்ளை. இது வளரட்டும். சாமி பொறுத்துக்கிரும்." மஞ்சள் துணியைக் கிழித்து அதன் காலில் கட்டினாள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. முருகன் கைவிடவில்லை. ஆனால் சுந்தரியின் மனதில் முள் ஒன்று நின்றுபோனது. அந்தக் குஞ்சு வடிவின் முட்டையில் பொரித்தது. அடுத்தவள் பொருளை என் நேர்த்தி என்று சாமிக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிள்ளைக்கு ஆகுமா? வாயைத் திறந்து கேட்டால், வடிவு மறைவாய்ச் செய்த நல்லதைத் தெருவுக்கு இழுத்தது போலாகிவிடும். கேட்காமலே தைப்பூசம் போனது, பங்குனி உத்திரம் போனது. குஞ்சு நெஞ்சை நிமிர்த்திக் கூவத் தொடங்கியது.

ஆடிக் கிருத்திகைக்குப் புறப்பட்டார்கள். பழனியில் வேலுச்சாமிக்கு மொட்டை எடுத்து, சேவலைக் காணிக்கையாய் விட்டார்கள். சன்னதியில் நின்றபோது சுந்தரியின் மனதில் அந்த முள் இல்லை. விபூதியும் பஞ்சாமிர்தமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது வடிவு இல்லை. சாரல் விடாமல் பெய்ததில் இரைப்பு அதிகமாகி, முந்தின நாளே அவளை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். வாசலில் பஞ்சாரம் திறந்தபடி இருந்தது. கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

வழியனுப்பும்போது பேசியதுதான் கடைசி. காய் லாரி வந்து நிற்கும் வளைவு வரைக்கும், இரைக்க இரைக்க, சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு வடிவும் வந்தாள். அங்கேதான் சுந்தரி வாய் திறந்தாள்.

"அக்கா, கோடு போட்ட முட்டைகளை எருக்குழியில பாத்தேன். அன்னைக்கே பாத்தேன். இது ஒன் முட்டையில பொரிச்சது. நான் எப்படிக்கா இதை…"

வடிவு மூச்சு நிதானப்படும் வரை நின்றாள். பிறகு சேவலைச் சுந்தரியின் கையில் வைத்தாள்.

"பாத்துட்டா இத்தனை நாளும் சும்மா இருந்த, கள்ளி? முட்டை யாருதா இருந்தா என்ன, தகப்பன் ஒன் சேவல்தான? நான் மனசாரக் குடுத்தேன், நீ வாங்கிக்கிட்ட. அப்பவே அது ஒன்னோடதாயிருச்சு. மனசைப் போட்டு ஒழப்பாம வெரசா ஏறு. புள்ளைக்கு மொட்டையப் போட்டுட்டு வந்து எனக்குக் காட்டு."