சர்வே வண்டிக்கு வழிவிட்ட சந்து

கீழ் வீட்டு அண்ணனைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

ராயப்பேட்டையில் எங்கள் சந்து முழுக்கப் பள்ளம். என் கணவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போவேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை இறுக்குவார். தெருமுனை தாண்டுவதற்குள் மனுஷனுக்குக் கண் கலங்கிவிடும்.

அப்போதுதான் சர்வே வண்டி வரப்போகிறது என்றார்கள். கேமராவும் குலுக்கலை அளக்கும் கருவியும் வைத்த கார் தெருத்தெருவாகப் போகுமாம். எந்தத் தெரு அதிகம் குலுக்குகிறதோ அதற்கு முதலில் புது ரோடாம். அப்பாடா என்றிருந்தது. குலுக்கலில் எங்கள் சந்தை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கவலப்படாத தங்கச்சி. அன்னிக்கு நம்ம சந்துல பைக்குங்கள எடுக்கச் சொல்றேன். வண்டி நேரா உள்ள வரட்டும்" என்றார்.

சொன்னபடியே முந்தின ராத்திரியே பைக்குகளை எடுக்க வைத்தார். கூடப்பிறந்தவன்கூட இப்படி நிற்கமாட்டான் என்று என் கணவரிடம் பெருமை பேசினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சர்வே அன்று காலை பால் வாங்க இறங்கினால், சந்து மட்டமாக இருக்கிறது. பள்ளம் ஒவ்வொன்றிலும் செங்கல் துண்டும் செம்மண்ணும் கொட்டி, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கியிருந்தது. அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை செம்மண். நான் வாய் திறப்பதற்குள் கார் வந்து, அலுங்காமல் போயேவிட்டது.

"இன்னாண்ணே இது?"

அவர் தன் வாசலைக் காட்டினார். முன்பு மூன்று படி இருந்த வாசல். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது ஒரு படிதான் மிச்சம்.

"இன்னொரு வாட்டி போட்டா மழத்தண்ணி என் ஊட்டுக்குள்ளதான் வரும். நீ மாடில கீற."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. பழசைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்துபோய்க் கேட்டிருக்கலாம். தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டே கழுத்தறுக்க வேண்டியதில்லை.

கணக்கில் எங்கள் சந்து நல்ல ரோடு ஆனது. முதல் மழையிலேயே மண் கரைந்து பள்ளமெல்லாம் திரும்பி வந்தது. அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அந்த மழையில் என் கணவரை ஆட்டோவில் ஏற்றும்போது அண்ணன் ஓடிவந்து எங்கள் இருவருக்கும் குடை பிடித்தார். குடையை என் கணவருக்கு விட்டுவிட்டு, நான் தள்ளி நின்று நனைந்தேன்.