‘இருக்கும்வரை’ என்ற ஒரு சொல்

தையலக்கா காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சட்டை ஒன்றுக்கு ஆறு பொத்தான் துளை. கண்ணில் புரை முற்றியிருந்ததால் பார்வை உதவவில்லை. இடது கட்டைவிரலால் துணியின் ஓரத்தைத் தடவி, விரல் சொன்ன இடத்தில் ஊசியை இறக்கினார். சில தடவை விரலிலேயே இறக்கினார். நூல் கோத்துத் தருவது என் வேலையாகிவிட்டது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். அந்தப் பயிற்சியில் இது கிடையாது.

என்னை வேலைக்கு வைத்தவர்கள் அவருடைய தம்பிகள். பெரிய தம்பி குடும்பம் மாடியில், சின்ன தம்பி குடும்பம் பின்பக்கம், அக்கா தையல் மெஷினோடு முன்னறையில். மாடிப்படி விளக்கை யார் மாற்றுவது என்பதில்கூட ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும், அக்காவின் கண் ஆபரேஷன் என்றதும் ஒரே குரலில் பேசினார்கள்.

“சர்க்கரை ஏறி இறங்கறதால ஒரு ராத்திரி தங்கணும்னு டாக்டர் சொல்றார். ஒரே ஒரு ராத்திரி! எப்படியாவது சம்மதிக்க வையுங்க, சிஸ்டர்.”

என்ன பாசம் என்று நானும் கண்ணைத் துடைத்திருப்பேன். அதற்குள் அக்கா அப்பாவின் உயிலைக் காட்டிவிட்டார்.

அப்பா தந்தி அலுவலகத்தில் முப்பது வருடம் சொற்களை எண்ணியவர். உயிலையும் எண்ணித்தான் எழுதினார்: ‘வீடு மூவருக்கும் பொது. மகள் இருக்கும்வரை விற்கக்கூடாது.’ ‘உயிரோடு’ என்று ஒரு சொல் கூடுதலாகப் போட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். ‘இருக்கும்வரை’ என்றால் இங்கே குடியிருக்கும்வரை, ஓர் இரவு வெளியே தங்கினாலும் கதை முடிந்தது என்றார்கள் விற்கத் துடித்த தம்பிகள். வக்கீலைக் கேட்டார்கள். இரண்டு விதமாகவும் வாதாடலாம் என்றார் அவர். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அக்கா வாதாடவில்லை. வீட்டைவிட்டு நகரவில்லை, அவ்வளவுதான். அப்பா போன பிறகான பதினோரு வருடத்தில் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. சின்ன தம்பி மகளின் கல்யாணத்துக்கு வெளியூர் போனவர், சாப்பிடாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினார்.

“கண்ணு போயிடும், பார்த்துக்கோங்க” என்றேன்.

“போனா போகுது. கண்ணு இல்லாட்டியும் என் வீட்டுக்குள்ள தடவித் தடவி நடந்துடுவேன். வீட்டை விட்டுட்டு, கண்ணை வச்சு எதைப் பாக்கறது?”

“தைக்கறதைப் பாருங்க. நேத்து ஒரு பையன் சட்டைக்குப் பாக்கெட்டை முதுகுல வச்சுத் தச்சீங்க.”

“நல்லதுதானே! பாக்கெட் அடிக்கிறவனுக்கு வசதி.”

அன்று மதியம் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். துணி காயப்போட்டுவிட்டு நான் வந்தபோது மெஷின்மேல் சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கன்னத்தைத் தட்டினேன், முனகினார், விழுங்கச் சொன்னால் விழுங்கினார். நிமிர்த்தி உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். அதற்குள் யாரோ அலறிவிட்டார்கள். பெரிய தம்பி ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

“சிஸ்டர், அக்கா இருக்காங்களா?”

பின்பக்கத்திலிருந்து ஓடிவந்த சின்ன தம்பியும் அதையே கேட்டார்.

“இருக்காங்க” என்றேன்.

சற்று நேரம் போனது. அக்காவின் முகத்தில் களை திரும்பியது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“டேய் பெரியவனே, இப்பக் கேட்டியே, அது எந்த இருக்கறது? குடியிருக்கறதா, உசிரோட இருக்கறதா?”

சின்ன தம்பி மெல்ல நழுவப் பார்த்தார். அங்கே வழியை மறித்து நின்றார் அவருடைய அண்ணி, பெரிய தம்பியின் மனைவி.

“கேக்கறாங்கல்ல, சொல்லுங்களேன்” என்றார் அண்ணி. “பதினோரு வருஷமா வக்கீலுக்கே புரியலைன்னீங்க.”

“உசிரோடதான்க்கா” என்றார் பெரிய தம்பி, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரைப் போல. உண்மை சொன்ன பழக்கம் போதாது.

“நாக்கு சொன்னதைக் கையும் சொல்லட்டும்” என்று அக்கா அளவு நோட்டை நீட்டினார். இடுப்பு முப்பத்திரண்டு, தோள் பதினாறு என்றிருந்த பக்கத்துக்குக் கீழே, ‘அக்கா எங்கே தங்கினாலும், உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்க மாட்டோம்’ என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி நான். நீதிமன்றத்தில் அது நிற்குமா, எனக்குத் தெரியாது. அண்ணி முன்னால் போட்ட கையெழுத்து, வீட்டில் நிற்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. துணிப்பையைப் பெரிய தம்பியே தூக்கிவந்தார். அக்கா முன்னறையைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

“சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போக்கா. நான் பாத்துக்க மாட்டேனா?”

“பாத்துக்குவடா. அதனாலதான் வேணாங்கறேன்.”

சாவியை என் கைப்பைக்குள் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.