மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஆய்வுப்பொருள்

"கோமதி மேடத்தோட வீடு இதுதானா?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி, தோளில் கனமான துணிப்பை.

நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். திருவனந்தபுரம் கரமனையில் இந்த வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் சரி, ஓட்டு கேட்டு வருகிறவர் வந்தாலும் சரி, என் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். ரிட்டயரான ஒரு மனிதனுக்கு மிச்சமிருக்கிற அந்தஸ்து அது ஒன்றுதானே?

"ஆமா... நீங்க?"

"நான் ரெம்யா, சாரே. காமிக்ஸ் பற்றி ரிசர்ச் செய்யறேன்."

காமிக்ஸ் பற்றி ஆராய்ச்சியா? நான் ரைஸ் மில் மெஷின் கம்பெனியில் வாரம் முழுக்க ஊர் சுற்றும் சர்வீஸ் என்ஜினீயராகக் காலம் தள்ளியவன். ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று ஆராய்ந்தால் சாயங்காலத்துக்குள் அது ஓட வேண்டும். இல்லையென்றால் மில்காரர் சோறு போட மாட்டார். படக்கதையை ஆராய்ந்தால் எது ஓடும்?

இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரெம்யா பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை வெளியே எடுத்தார். பழுப்பு அட்டை. கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்த பைண்டிங்.

அந்தச் சணலை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஓணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். என் மனைவி கோமதி, தன் தங்கச்சி மகளின் வளைகாப்புக்காகத் திருநெல்வேலி போயிருந்தாள். பரணைக் காலி பண்ணியபோது ஒரு தகரப் பெட்டி. உள்ளே இதே மாதிரி ஆறு புத்தகங்கள். தமிழ் வாரப்பத்திரிகையில் வந்த 'ஏஜென்ட் ருத்ரகுமார்' படக்கதையை வாரா வாரம் கிழித்தெடுத்து அவள் தைத்து வைத்தவை. கல்யாணமான புதிதில் செய்தது. "இன்னும் பொம்மை பாக்கற வயசா உனக்கு?" என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரர் வாசலில் வந்து நின்றார். தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

கோமதியைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது... படக்கதைதானே!

அந்தப் படக்கதைதான் இப்போது கேட்டில் வந்து நிற்கிறது. ரெம்யாவுக்கு சாலைக் கடைத்தெருப் பக்கம் இருக்கிற ஆக்ரிக் கடைகளில் தேடுவது வாராந்திர வேலையாம். முதல் பக்கத்தில் பேனாவால் பெயரும் விலாசமும் எழுதியிருந்ததால் நேரே வந்துவிட்டார். இந்தக் குடும்பத்தில் எல்லாப் பொருளிலும் விலாசம் எழுதி வைக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

கோமதி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பரண்ல இருந்ததுல்லா?"

நான் செருமினேன். "வெள்ளையடிக்கும்போது..."

"வெள்ளையடிக்கும்போது?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடச் செருமுவதே பாதுகாப்பு. மறுபடியும் செருமினேன்.

ரெம்யாவுக்கு இந்தக் குடும்ப அரசியல் எதுவும் புரியவில்லை. "ஆன்ட்டி, நம்பர் போட்டு ஆறு வால்யூம், அல்லே? நாலு மட்டும் கிட்டி. மூணும் அஞ்சும் போச்சு... கடலைப் பொட்டலம் மடிக்கக் கொண்டுபோயிட்டாங்களாம்."

கோமதி காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "உள்ள வா மோளே, காப்பி குடிக்கலாம்" என்றாள்.

மோளுக்குக் காப்பி வந்தது. எனக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல... அடுத்த இரண்டு நாளைக்கும் நானேதான் போட்டுக் குடித்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ரெம்யா வந்தார். மேஜையில் போனை வைத்து ரெக்கார்டரைத் தட்டுவார். முதல் வாரம் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அந்தக் காலத்துல பத்திரிகைங்க எப்படின்னா..." என்று ஆரம்பித்தேன். ரிட்டயரான பிறகு பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனாயிற்றே!

ரெம்யா மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சாரே, ஒண்ணும் தோணருது, தப்பா நினைக்காதீங்க. வாசகர் தனியா இருந்தாத்தான் ஃப்ரீயா பேசுவாங்க. சார் கொஞ்சம் அந்த ரூம்ல..."

என் வீட்டு ஹாலிலிருந்து என்னை வெளியேற்றினார்கள். நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். பேப்பரை மூன்று தடவை தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு கோமதி சொன்னாள்.

ஒட்டுக்கேட்டதில் ஒரு சங்கதி தெரிந்தது. அந்தப் பத்திரிகை கரமனையில் கிடைக்காதாம். வெள்ளிக்கிழமைகளில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்கு மட்டும் வருமாம். இந்த ஊரில் கோமதி முதன்முதலாகத் தனியாக பஸ் ஏறியது அதற்காகத்தான். மலையாள போர்டு படிக்கத் தெரியாது. கண்டக்டரிடம் விரலால் காட்டி டிக்கெட் வாங்கினாளாம். நான் என்ன நினைத்திருந்தேன்? பத்திரிகை வீட்டுக்கே வருகிறது என்று. தண்ணீர் குழாயில் வருகிற மாதிரி.

இரண்டு வாரம் முன்னால், ரெம்யா தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிற காமிக்ஸ் கருத்தரங்கு. தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு ஹால். கோமதி கடைசி நிமிஷம் வரை வரமாட்டேன் என்றாள். "அங்க எல்லாம் படிச்சவங்க பேசுவாங்க. எனக்கு என்ன தெரியும்?" ரெம்யா போனில் அரை மணி நேரம் கெஞ்சினார். கிளம்பினோம்.

நான் இஸ்திரி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கணவர் என்ற முறையில் ஒரு நாற்காலியாவது மேடையில் போடுவார்கள் என்று ஒரு நப்பாசை. மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள்.

காமிக்ஸ் ஆராய்ச்சியாளர்களைக் கூட்டமாக நீங்கள் பார்த்ததுண்டா? அவசியம் பார்க்க வேண்டும். ஒரு தாடிக்காரப் பேராசிரியர் படக்கதை நாயகர்களின் மீசை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வில்லன் மீசை கீழ்நோக்கியும் நாயகன் மீசை மேல்நோக்கியும் இருப்பதில் ஒரு பெரிய அதிகாரக் கணக்கு இருக்கிறதாம். என் கை தானாகவே என் மீசைக்குப் போனது. கீழ்நோக்கித்தான் இருந்தது.

அடுத்து மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞர். தமிழ்த் துப்பாக்கி 'டுமீல்' என்று சுடுகிறது, மலையாளத் துப்பாக்கி 'ட்டோ' என்று சுடுகிறது... ஏன்? அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. "டுமீலில் ஒரு எதிரொலி உண்டு சார்" என்று ஒருவர் எழுந்தார். "ட்டோவில் வேகம் உண்டு, கேட்டோ" என்று தாடிக்காரர் மடக்கினார். டீ பிரேக்கில்கூட வடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் மாறி மாறிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

பிறகு ரெம்யா மேடையேறினார்.

திரையில் முதல் படம். ருத்ரகுமாரின் உதவியாளர் லில்லி நாற்காலியில் கட்டிப்போடப்பட்டிருக்கிறாள். பக்க ஓரத்தில் பென்சிலில் குட்டிக் குட்டி எழுத்து. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கோமதியின் கையெழுத்து. ரெம்யா வாசித்தார்:

"லில்லியை மறுபடியும் கட்டிப் போட்டாச்சு. இந்த வாரம் நாற்காலி மட்டும் புதுசு."

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவிக்கு இவ்வளவு நகைச்சுவையா? பத்தி எழுதுகிறவன் நானா அவளா?

இரண்டாவது படம்.

"எல்லாம் முடிந்த பிறகுதான் ருத்ரகுமார் வருகிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சனிக்கிழமை வருவார். வந்ததும் பசி என்பார்."

இந்த முறை ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ரெம்யா ரொம்ப சீரியஸாக, "இங்கே 'எங்கள் வீட்டிலும்' என்பதைக் கவனிக்கணும். நாயகனை அளக்க இந்த வாசகர் கணவரை ஒரு அளவுகோலா எடுத்துக்கறாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி, கீழே கோடும் போட்டார்.

தாடிக்காரர் கை தூக்கினார். "இந்தக் கணவர் உண்மையிலேயே இருந்த ஆளா... இல்லை, வாசகரின் கற்பனையா?"

ரெம்யா கொஞ்சம் தயங்கினார். "அவர்... மூன்றாவது வரிசையில் இருக்கார், சார்."

மொத்த ஹாலும் திரும்பியது. என்ன செய்வது? கும்பிட்டேன். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

கோமதியைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தெந்தக் குறிப்பைக் காட்டலாம் என்று அவளே டிக் போட்டுக் கொடுத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்றாவது படம் வந்தது. ஓரத்தில் மலையாள வார்த்தைகள், தமிழ் எழுத்தில், பக்கத்தில் அர்த்தத்தோடு. 'வெள்ளம் — தண்ணீர்தான். பயப்பட வேண்டாம்.' மறுபடி சிரிப்பு. அதற்குக் கீழே இருந்ததை ரெம்யா மெதுவாக வாசித்தார்:

"மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. அடுத்த வீட்டு அம்மா ஏதோ கேட்டார். புரியவில்லை. சிரித்து வைத்தேன். லில்லி, நீ எப்படி இருக்கிறாய்?"

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணமாகி நாலாவது மாதம் எழுதியது என்று ரெம்யா சொன்னார். எனக்கு அந்த மாதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலடி என்கிற ஊரில் ஒரு பெரிய மில். ஒரு வாரம் அங்கேயே தங்கி மெஷினைச் சரிபண்ணினேன். ராத்திரி பத்துப் பேர் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்து பேசிச் சிரிப்போம். வீட்டுக்கு வந்து அந்தக் கதையை எல்லாம் கோமதியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்ன பண்ணிட்டு இருந்தே?" என்று நான் கேட்டேனா? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றால் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கோமதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தாடிக்காரர்தான் கேட்டார்: "லில்லியை வாரா வாரம் கட்டிப்போடறது பெண்ணை அடக்கி வைக்கறதோட அடையாளம்னு உங்களுக்குத் தோணியிருக்கா?"

"அப்படில்லாம் இல்ல சார்" என்றாள் கோமதி. "லில்லிக்கு முடிச்சு அவுக்கத் தெரியும். முதல் கதையிலேயே ஒரு நிமிஷத்துல அவுத்துருவா. பின்ன ஏன் சும்மா உக்காந்திருக்கான்னு நானும் ரொம்ப நாள் யோசிச்சேன்."

"ஏன்?"

"அவ அவுத்துட்டுப் போயிட்டா கதை முடிஞ்சிரும்லா? அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு யாரு இருக்கா?"

கைதட்டல். தாடிக்காரர் எழுந்து நின்று தட்டினார். டுமீல் கட்சியும் ட்டோ கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து தட்டிய ஒரே இடம் அதுதான்.

திரும்பும்போது ஆட்டோ. கரமனைப் பாலம் தாண்டும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்தப் புள்ள கேட்டா. சொன்னேன்."

"புஸ்தகத்தைப் போட்டது தப்புதான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் முழு வாக்கியமாகக் கேட்ட முதல் மன்னிப்பு அது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்போல.

திங்கட்கிழமை நானே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஆக்ரிக் கடையில் பேப்பர் மலைக்கு நடுவே தும்மித் தும்மித் தேடினேன். கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "அது போயி சாரே. ஆராவது கடலை தின்னு தீர்த்திருக்கும்." அடுத்த நாளும் போனேன். ரெம்யாவும் வந்தார். மூன்றாம் வால்யூமும் கிடைக்கவில்லை, ஐந்தாம் வால்யூமும் கிடைக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியாளர்களைப் பற்றி இனி நான் கிண்டலாக எழுத முடியுமா தெரியவில்லை. மீசைக்கு முக்கால் மணி நேரம் கொஞ்சம் அதிகம்தான்... அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நாம் எல்லாரும் குப்பை என்று போட்ட ஒன்றை எடுத்து, தூசி தட்டி, 'இதைப் படித்தது யார், படிக்கும்போது அவருக்கு எப்படி இருந்தது?' என்று ஒருவர் விலாசம் தேடி வந்து கேட்கிறார். என் வீட்டில் அதைக் கேட்க ஒரு டாக்டர் பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை நான் போட்டேன். கோமதி முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டு புஸ்தகமும் கிடைக்கல" என்றேன்.

"போட்டும். அதுல என்ன எழுதினேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

"என்ன எழுதினே?"

சந்தேகமாக என்னைப் பார்த்தாள். நான் போனை அணைத்து வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அப்போது ஓட்டு வீடாக இருந்த இதே வீட்டில் மழைக்காலத்தில் தனியாக இருந்தது, அடுத்த வீட்டு அம்மா முதல்முதலாகக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கு, ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் வலியைச் சொல்லத் தெரியாமல் நடித்துக் காட்டியது... நான் குறுக்கே பேசவே இல்லை. இரண்டு இடத்தில் சிரித்தோம். ஒரு இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான். பரவாயில்லை... ஆராய்ச்சி என்று இறங்கிவிட்டால் பசியெல்லாம் பார்க்க முடியுமா?