சனியின் நிலவுக்கு ஒரு பூசை

சனிக் கோளைச் சுற்றும் பெரிய நிலவில் இறங்கிப் பறக்க ஓர் இயந்திரம். இதுதான் எங்கள் கடைசி ஆண்டுத் திட்டம். உண்மையான இயந்திரத்தை வேறு நாட்டில் யாரோ செய்வார்கள். நாங்கள் செய்தது அதன் மாதிரி. எட்டு விசிறிகள், நீளவாக்கில் இரண்டு கால்கள், நடுவில் ஒரு பெட்டி. பல்கலைக்கழகக் கூடத்தில் அது தானாக எழும்பி, சற்று நகர்ந்து, தானாக இறங்க வேண்டும். இறங்கினால் எனக்கும் என் கூட்டாளிக்கும் பட்டம். இறங்காவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளியில் படிவம் மூன்றைத் தாண்டியவன் நான் மட்டுமே. பறக்காத பொம்மைக்காக ஓர் ஆண்டு போய்விட்டது என்று அங்கே எப்படிச் சொல்வது?

முதலிலிருந்தே எனக்குக் குழப்பம்தான். அந்த நிலவில் காற்று இங்கிருப்பதைவிட அடர்த்தி, ஈர்ப்போ மிகக் குறைவு. அங்கே சுலபமாகப் பறக்கும் கனம் பினாங்கில் தரையைவிட்டு எழும்பாது. இங்கே பறக்கட்டும் என்று கனத்தைக் குறைத்தால், அது அங்கே போகிற இயந்திரமே இல்லை. அப்படியானால் நான் எதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்? விரிவுரையாளரிடம் கேட்டேன். அதிகம் பேசாத சீன அம்மையார். நல்ல கேள்வி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதில் தெரிந்து போனாரா, தெரியாமல் போனாரா, இன்றுவரை தெரியாது.

அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"எந்த நிலாடா?"

"சனியோட நிலாம்மா."

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். "வேற நிலாவே கெடைக்கலையா ஒனக்கு? ஏழரை நடக்குது லா."

"படிப்புல குடுத்ததும்மா."

"குடுத்தவங்களுக்கு ஒன் ராசி தெரியுமா?"

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எள் விளக்கு. லிட்டில் இந்தியாவில் அவர் வேலை செய்யும் துணிக்கடையில், சேலை எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மகன் சனிக்கு மெஷின் அனுப்புகிறான் என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் அவரை அழைத்து வரப் போனபோது ஓர் அக்கா, "எப்ப தம்பி கெளம்புது?" என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். கூடத்தின் கூரைவரைக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம்.

சோதனைக்கு முந்தைய மாலை, கால்களின் திருகுகளை முடுக்குவதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன்.

"நாளைக்கு ஓடப் போவுது, பூச போடாமலா? புதுக் காருக்கே எலுமிச்சங்கா வைக்கிறோம்ல" என்றார் அம்மா.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் பூசை முடிந்து, அதை நிமிர்த்தியும் வைத்திருந்தார். கால்களில் சந்தனமும் குங்குமமும், மேலே ஒரு மல்லிகைச் சரம். விசிறியில் சுற்றிக்கொள்ளுமே என்று சரத்தை மட்டும் எடுத்தேன்.

மறுநாள் கூட்டாளி சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டாரில் வந்தான். தேவாலயத் திருவிழா என்றால் முன்னால் நிற்கிற கத்தோலிக்கன். பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தான்.

"நாங்க மெழுகுவர்த்தியோட நிறுத்திக்குவோம் லா. நீங்க இத மாப்பிள்ளையாவே ஆக்கிட்டீங்க."

கருவிகளை அவன்தான் சரிபார்த்தான். இயந்திரத்தின் வயிற்றில் ஒரு கண் உண்டு. லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி உயரத்தை அளப்பது. "உயரம் பூஜ்யம், ஓக்கே" என்றான். தரையில் நிற்பது பூஜ்யம்தானே காட்டும்.

எழும்பியது. ஆள் உயரத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை.

"எறக்குடா."

"நான் எங்க எறக்குறது? அதுவா எறங்கணும்."

திரையில் இன்னும் பூஜ்யம். எவ்வளவு மேலே போனாலும் தரையிலேயே நிற்பதாக நம்பிக்கொண்டு, அது விசிறிகளை இன்னும் வேகமாகச் சுழற்றியது. கூரைக்குக் கீழே கட்டியிருந்த வலையில் போய் மோதிய பிறகுதான் அவன் மின்சாரத்தைத் துண்டித்தான். கீழே விழுந்ததில் ஒரு கால் முறிந்து தொங்கியது.

விரிவுரையாளர் அதைப் புரட்டினார். கண்ணின் மேல் வட்டமாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். மல்லாந்து கிடந்தபோது அம்மாவுக்கு அதுதான் முகமாகத் தெரிந்திருக்கிறது. சுரண்டி முகர்ந்து பார்த்து, என்ன இது என்றார். சந்தனம் என்றேன். யார் வைத்தது என்று அடுத்துக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. அந்த நிலவின் வானமெல்லாம் ஆரஞ்சு மூட்டம். அதிலிருந்து ஏதாவது இந்தக் கண்ணில் படிந்தால் அங்கே யார் துடைப்பார் என்று கேட்டார். ஒரு வாரம் தருகிறேன் என்றார்.

வழியெல்லாம் அதையே யோசித்தேன். அம்மா பொட்டு வைத்திருக்காவிட்டால் அது ஒழுங்காக இறங்கியிருக்கும், நானும் தேறியிருப்பேன். ஒற்றைக் கண்ணை நம்பிய தப்பான இயந்திரமாகவும் அது இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது?

"பறந்துச்சா?" என்றார் அம்மா.

"பறந்துச்சும்மா."

"மேல போச்சா?"

"ரொம்ப மேல போச்சு."

நிம்மதியாகச் சோறு போட்டார்.

இன்னொரு கண் வைக்கலாம் என்றேன் கூட்டாளியிடம்.

"ரெண்டும் வேற வேற சொன்னா எத நம்புவ?"

"தெரியல."

"அப்ப மூணு வை. ரெண்டு பேரு ஒண்ணு சொன்னா மூணாவது ஆளக் கண்டுக்காத."

படம் எடுக்க ஏற்கெனவே இருந்த கேமராவையும், புதிதாக ஒரு காற்றழுத்தமானியையும் உயரம் பார்க்கப் பழக்கினோம். காலையும் மாற்றினோம்.

இரண்டாம் சோதனையன்று காலை அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தார். நான் இயந்திரத்தை மல்லாக்கத் திருப்பினேன்.

"போன தடவ வச்ச எடத்துலயே வைம்மா. கொஞ்சம் கெட்டியா."

"இப்பதான் ஒனக்குப் புத்தி வந்துருக்கு" என்றார்.

கூடத்தில் அது எழும்பியது. ஆள் உயரத்தில் தயங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, இடம் தெரியாத ஆள் போல மெல்ல நகர்ந்தது. பிறகு இறங்கி உட்கார்ந்தது. கூட்டாளி அவசரமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

விரிவுரையாளர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். சந்தனம் அப்படியே இருந்தது. சோதிப்பதற்காகப் பூசியதா, வேண்டுதலா என்று கேட்டார். எனக்குள் இரண்டு பதில்கள் இருந்தன. எதை நம்புவது என்று சொல்ல மூன்றாவது கருவி ஏதும் என்னிடம் இல்லை. தெரியவில்லை என்றேன். தேர்ச்சி என்று எழுதினார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பாஸ் என்றேன்.

"போய்ச் சேந்துருச்சா?"

"எறங்கிருச்சும்மா" என்றேன்.