விழாத மரம்

போன வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாண்டிக்குடிக்குக் கீழே காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் இது நடந்தது.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிரும். அப்பா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இன்றும் கைநாட்டுதான்.

டவுனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் என்று எட்டுப் பேர். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், எங்கேயும் போகாதவர் எல்லோரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடி, கடவுள், சாவு, நியாயம் என்று பேசுவோம். இரண்டே விதிகள். பால் சேர்க்காத டீ மட்டும்தான். கேள்விக்கு முதல் பதிலை அந்த வீட்டின் மூத்தவர் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது விதிக்குப் பயந்தே என் முறையை ஒரு வருடம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முந்தைய மாதம், பொய் சொல்லாமல் வாழ முடியுமா என்று பேச்சு வந்தது. முடியும் என்று நான் ஒருத்தியாக நின்று அடித்துப் பேசினேன். "அப்படின்னா அடுத்த கூட்டம் உங்க வீட்டுல. இதே கேள்விதான்" என்று டீச்சர் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் இருந்தன. "வந்தவங்களுக்கு வெறும் தேத்தண்ணியா குடுக்கிறது?" என்று அப்பா பாலுக்கும் சொல்லி வைத்திருந்தார். கேள்வியை நான் போனில் சொன்ன நாளிலிருந்து பதில் யோசிக்கிறாராம்.

"பழம் பறிக்கிறப்பவும் வாய் முணுமுணுங்குது. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு" என்றார் அம்மா.

மறுநாள் அப்பா வெள்ளனே எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அவர் திணறித் திணறிப் பேசுவதையும், எல்லோரும் மரியாதைக்காகத் தலையாட்டுவதையும் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டது போல இருந்தது.

சிக்னல் கிடைக்கும் மேல் வளைவுக்கு ஏறிப் போய், 'வழியில் மரம் விழுந்துவிட்டது. ஜீப் வராது. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்' என்று குழுவுக்கு அனுப்பினேன். இறங்கி வந்து, டவுனில் பலத்த மழை, அவர்கள் வரவில்லையாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"மழைய யாரு என்ன செய்ய முடியும், புள்ள" என்றார். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

அதற்குள் மூடுபனி இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்குப் பாதிக்கு மேல் உடம்பில்லை. பழுத்த காப்பிப் பழங்கள் மட்டும் அங்கங்கே சிவப்பாக மிதந்தன. தோட்டமே தரையை விட்டுக் கிளம்பி எங்கோ போய்க்கொண்டிருப்பது போலவும், நான் அதன் படியில் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. பனிக்குள்ளிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு காலடிச் சத்தம். பிறகுதான் ஆட்கள். ஐந்து பேர். முன்னால் வந்த டாக்ஸி அண்ணன் தோளில் ஓர் அருவாள்.

தாண்டிக்குடி பஜாரில் நிற்கும்போதுதான் என் செய்தி அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. திரும்பிப் போகாமல், ஒரு டீக்கடையில் அருவாள் இரவல் வாங்கி, ஜீப்பை மேலேயே நிறுத்திவிட்டு நடந்தே வந்துவிட்டார்கள்.

"மரம் எங்கம்மா கெடக்கு? வெரசா வெட்டிப் போட்டுருவோம்னு வந்தோம். வழி நெடுக ஒரு குச்சியக் கூடக் காணோம்" என்றார் அண்ணன்.

அப்பா கையில் நாற்காலியோடு நின்றார். என்னைப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம்தான். "இப்பதாங்க நாங்க நாலு பேரு சேந்து பள்ளத்துல தள்ளிவிட்டோம். வாங்க, உக்காருங்க" என்றார்.

அண்ணன் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அருவாளைக் கதவோரம் சாத்தி வைத்தார்.

வட்டமாக உட்கார்ந்தோம். டீச்சர் கேள்வியைச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஒரு பதில் வச்சிருந்தேங்க. இப்பப் பாத்து மறந்துபோச்சு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எந்த வரிசையில் எந்தச் செடி எத்தனை கூடை காய்த்தது என்பதை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பவர் அவர். மறக்கிற ஆள் இல்லை.

அடுத்து என் முறை. பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தது. என் குரலே எனக்குத் தூரத்திலிருந்து கேட்டது.

"மரம் எதுவும் விழல. எங்கப்பா பேசுறத நீங்க கேட்டுருவீங்கன்னு பயந்து நான்தான் அப்படி அனுப்புனேன்."

டம்ளர்களிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. கடைசியில் அப்பாதான் வாயைத் திறந்தார்.

"எம் பொய்யையும் சேத்து உடைச்சிட்டியே, புள்ள."

"அதான பாத்தேன். மரம் தள்ளுன சட்டையா இது?" என்று அண்ணன் வெடித்துச் சிரித்தார். டீச்சர் தன் டம்ளரை அம்மாவிடம் நீட்டி, "விதி கெடக்கட்டும். இன்னொரு டீ குடுங்க, பால் ஊத்தி" என்றார். அதன் பிறகு அப்பாவும் பேசினார். திணறவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை.

கிளம்பும்போது அப்பா அந்த அருவாளை எடுத்துப் போய் ஒரு மலைவாழைத் தார் வெட்டி வந்தார். "இம்புட்டுத் தூரம் வந்த அருவா, வேல இல்லாமப் போகக் கூடாது பாருங்க" என்றார். அண்ணனின் தோளில் அந்தத் தார் பனிக்குள் கரைந்து போகும் வரை வாசலில் நின்றோம்.

டம்ளர் கழுவும்போது அம்மாவிடம் மெல்லக் கேட்டேன், அப்பா வைத்திருந்த பதில் என்னவென்று.

"காலையில சட்டை போடுறப்பதான் எங்கிட்டயே சொன்னாரு. 'முடியுங்க. எம் மக இருக்கா. இதுநாள் வரைக்கும் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல.' அம்புட்டுத்தான்" என்றார் அம்மா.

இப்போது வசதிப்படும் மாதங்களில் அப்பாவும் ஜீப் ஏறிக் கூட்டத்துக்கு வருகிறார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் ஏதாவது பதில் இருக்கிறது. அந்த ஒரு பதிலை மட்டும் அவர் இன்னும் கூட்டத்தில் சொல்லவில்லை. என்றாவது ஒருநாள் அவர் அதைத் தயங்காமல் சொல்லும்படி நான் இருக்க வேண்டும் என்பதுதான், நாங்கள் பேசித் தீராத எல்லாக் கேள்விகளையும்விட எனக்குப் பெரிதாக இருக்கிறது.